மூன்றாம் முறை கேட்காத ஊர்

1

ஒன்பது நாளாக என் மகள் வசந்தி என்னோடு பேசவில்லை. தமிழில் பேசுவதை அவள் குறைத்துக்கொண்டு பல வருடமாகிறது. அதற்கு நான் பழகிப்போனேன். இப்போது ஸ்பானிஷிலும் இல்லை. வீட்டுக்குள் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கி எனக்கு வழி விடுகிறாள். முன்பு கொழும்பில் வேலை செய்த கந்தோரில் பெரிய துரைக்குக்கூட நாங்கள் இவ்வளவு மரியாதையாக வழி விட்டதில்லை.

எல்லாம் நான் சொன்ன ஒரு சொல்லால் வந்த வினை. தமிழில் 'இல்லை', ஸ்பானிஷில் 'நோ'. பதினாறு வருடமாக இந்த மொழியின் இலக்கணத்தோடு மல்லுக்கட்டி, அதன் மிகச் சின்னச் சொல்லில் போய் விழுந்தேன். விழுந்த கதையை ஊருக்கு எழுதினால், நாளைக்கு இந்தப் பக்கம் வருகிறவர்களாவது தப்பிக்கொள்வார்கள்.

இந்தப் பக்கம் எது என்று முதலில் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில் இருக்கும் எங்கள் நாரந்தனையிலிருந்து எனக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் "லண்டனில் குளிர் எப்படி?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. நான் லண்டனை வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஆபிரிக்காக் கரைக்குப் பக்கத்தில், ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளில், லஸ் பல்மாஸ் என்ற துறைமுகத்தில் ஒரு சிந்தி முதலாளியின் கடையில் கணக்கப்பிள்ளையாக இருக்கிறேன். மணிக்கூடு, றேடியோ, பட்டுத்துணி விற்கிறோம். குளிர் கிடையாது. தீவிலிருந்து புறப்பட்டு உலகத்தைச் சுற்றி இன்னொரு தீவில் வந்து இறங்கினேன் என்பதை ஊரில் ஒருவரும் நம்புவதாக இல்லை.

2

நான் இங்கே வந்ததற்குக் காரணம் சிங்களம்.

ஐம்பத்தாறில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது நான் கொழும்பில் அரசாங்கக் கிளாக்கர். பிறகு சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதவேண்டும், எழுதாவிட்டால் சம்பள உயர்வு இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. "ஒரு எழுத்தும் படிக்கமாட்டன்" என்று கந்தோரில் எழுந்து நின்று சொன்னேன். சொன்ன சூட்டோடு வேலையை விடுவதாகக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

கடிதம் கொடுத்தேனே தவிர, அதை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்து வருடம் உழைத்த மனிதன். கூப்பிட்டு இருத்தி, "என்ன இது, யோசித்துப் பாரும்" என்று ஒரு தரமாவது கேட்கமாட்டார்களா? அப்போது நான் இன்னொரு தரம் மறுப்பேன். அவர்கள் மறுபடி கேட்பார்கள். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாலாம் நாள், என் கடிதத்தை ஏற்றுக்கொண்டதாக ஒரு வரியில் பதில் வந்தது. ஆங்கிலத்தில்தான் வந்தது.

இரண்டு வருடம் ஊரில் சும்மா இருந்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து இங்கே வந்தேன். வந்த முதல் கிழமையே முதலாளி சொன்னார்: மூன்று மாதத்தில் ஸ்பானிஷ் பேசவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கப்பல். ஒரு எழுத்தும் படிக்கமாட்டேன் என்று நான் எழுந்து நிற்கவில்லை. மட்ரிட்டில் அச்சடித்த இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, முப்பத்தைந்து வயதில், ஒரு வினைச்சொல்லுக்கு ஐம்பது உருவம் மனப்பாடம் செய்தேன். சிங்களம் இதில் கால்வாசிகூட வராது என்று மனைவி பரமேஸ்வரி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

3

தொடக்கத்தில் எனக்குத் தலைகால் தெரியாத நம்பிக்கை. போர்த்துக்கீசப் பறங்கியர் எங்கள் ஊரில் போட்டுவிட்டுப் போன சொற்களெல்லாம் இங்கே உயிரோடு உலாவின. மேசை இங்கேயும் மேசா. சாப்பிடும் பாண் இங்கேயும் பான். சமைக்கும் குசினி கொசினா, காலில் போடும் சப்பாத்து சப்பாத்தோ. அரைவாசி ஸ்பானிஷ் நாரந்தனை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறதே என்ற துணிச்சலில், கீழ்வீட்டுக்கார அம்மாவிடம் போய் இருக்க ஒரு கதிரை கேட்டேன், 'கதேரா' என்று. கதிரைக்கு இங்கே வேறு பெயர். நான் கேட்டது இடுப்பை. அவர் கணவனை இழந்து இரண்டு வருடமான மனுஷி. நல்ல காலம், சிரித்துவிட்டார். அவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தோஞ்ஞா பீனோ. 'தோஞ்ஞா' என்பது அக்கா, மாமி இரண்டையும் சேர்த்த மாதிரி ஒரு மரியாதை.

பிறகு ஆண், பெண் வந்தது. தமிழில் உயிரில்லாத சாமானை எல்லாம் அஃறிணை என்று ஒரே சாக்கில் கட்டி மூலையில் வைத்துவிட்டார்கள், புண்ணியவான்கள். இங்கே மேசை பெண். பாண் ஆண். பெண்பிள்ளை போடும் சட்டை ஆண். நான் கழுத்தில் கட்டும் ரை பெண். கை என்ற சொல்லின் வாலைப் பார்த்தால் ஆண் போல இருக்கும், ஆனால் பெண். பிரச்சினை என்ற சொல்லைப் பார்த்தால் பெண் போல இருக்கும், ஆனால் ஆண். இந்தக் கடைசி விஷயத்தில் பரமேஸ்வரிக்குச் சந்தேகமே வரவில்லை.

'இருத்தல்' என்பதற்கு இரண்டு வினைச்சொல். மாறாத குணத்துக்கு ஒன்று, அப்போதைய நிலைமைக்கு மற்றது என்று புத்தகம் சொல்லித்தந்தது. அப்படியானால் செத்தவருக்கு எது? மாறாததுதானே என்று போட்டேன், பிழை. சாவுக்கு நிலைமை வினைதான் போடவேண்டுமாம். உயர்ந்த தத்துவம் என்று இரண்டு நாள் வியந்துகொண்டிருந்தேன். கடைப் பையன்களைக் கேட்டால், அப்படித்தான் சொல்கிறது, தத்துவம் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

ஆசை, பயம், சந்தேகம் எல்லாவற்றுக்கும் வினைச்சொல்லுக்குத் தனியாக ஒரு வேஷம் உண்டு. நடக்குமோ நடக்காதோ என்று தெரியாத எதையும் அதில்தான் சொல்லவேண்டும். முதலாளி இதைப் பிடிக்க ஒரு வருடம் ஆனதாம். எனக்கு ஒரு கிழமை. "பாப்பம்", "யோசிப்பம்", "நயினாதீவு அம்மாள் விட்டால் செய்வம்" என்று முழு வாழ்க்கையையும் அதிலேயே நடத்துகிற ஊரில் பிறந்தவனுக்கு அதில் என்ன கஷ்டம்?

இன்னொரு வெற்றியும் உண்டு. 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்றால் நாய். ரகரத்துக்கும் றகரத்துக்கும் உள்ள அந்த வித்தியாசத்தில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாம் என்னிடம் தோற்றார்கள். கடையில் மணிக்கூடு வாங்க வந்த வெள்ளைக்காரர்களுக்குக்கூட நாய் என்று சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

இவ்வளவும் படித்து முடித்துத் தெருவில் இறங்கினால், நான் படித்த ஸ்பானிஷ் தெருவில் இல்லை. புத்தகம் மட்ரிட் புத்தகம். இவர்கள் தீவார். புத்தகத்தில் உருளைக்கிழங்குக்கு ஒரு பெயர், சந்தையில் வேறு. பஸ்ஸுக்கு இங்கே 'வாவா' என்று பெயர். நிறுத்தாமல் போகும் ஊர்காவற்றுறை பஸ்ஸுக்கு யாரும் அப்படிப் பெயர் வைக்கத் துணியமாட்டார்கள். சொல்லின் கடைசியில் உள்ள 'ஸ்' எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்கள். நான் மட்ரிட்காரரைப் போல நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து, பலரைப் பார்த்துச் சொல்லும் 'நீங்கள்' என்பதற்குப் புத்தகம் சொன்ன 'வொசோத்ரோஸ்' என்ற சொல்லைப் போட்டுப் பேசினால், கடைக்கு வந்த பெண்கள் "பாதிரியார் பிரசங்கம் வைக்கிறார்" என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மட்ரிட்காரர் இவர்களுடைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. மண்டைதீவைத் தாண்டி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குள் கால் வைத்தவுடன் எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்களை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே மட்ரிட் புத்தகத்தை அலுமாரிக்கு மேலே போட்டேன்.

அதனால், கீழே இவர்கள் பேசுவதை நான் தீவுத் தமிழில்தான் எழுதப்போகிறேன். அதுதான் நேர்மையான மொழிபெயர்ப்பு.

4

அலுவலகங்களில் இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர் வேண்டும்: தகப்பன் வழி ஒன்று, தாய் வழி ஒன்று. வதிவிட அனுமதிக்குப் போனபோது இரண்டாவது கட்டத்தை வெறுமையாக விட்டேன். கிளாக்கர் பேனாவால் தட்டினார். ஆறேழு பேர் வரிசையில் நிற்கிற இடத்தில் அம்மாவின் பெயரைச் சத்தமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரின் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து லஸ் பல்மாஸில் நான் தோன் நாரந்தனை, அதாவது நாரந்தனை ஐயா. வசந்தியின் பள்ளிக்கூடப் பதிவிலும் அந்தப் பெயர்தான்.

ஆறு வயதில் வந்தவள் வசந்தி. ஒரு வருடத்தில் 'ஸ்' விழுங்கப் பழகிவிட்டாள். நான் அவளுடைய தமிழைத் திருத்துவேன், அவள் என் ஸ்பானிஷைத் திருத்துவாள். சில வருடத்தில் நான் திருத்துவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை, அவள் வாயில் தமிழே வருவதில்லை. அவளுக்கு மட்டும் வேலை குறையவில்லை.

5

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

வந்த முதல் மாதம், பரமேஸ்வரியும் பிள்ளையும் இன்னும் ஊரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோஞ்ஞா பீனோ ஒரு கோப்பை நிறையப் பருப்பும் கிழங்கும் போட்ட கறியை ஆவி பறக்க மேலே கொண்டுவந்தார். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"சாப்பிடுறியளோ?"

"இல்லை, இப்பதான் சாப்பிட்டனான்."

இது ஊரில் எல்லாரும் சொல்லும் பொய். முதலாவது 'இல்லை' மரியாதைக்கு. இரண்டாவது நாங்கள் சாப்பாட்டுக்கு அலைந்து திரிகிறவர்கள் இல்லை என்று காட்ட. மூன்றாம் முறை கேட்டால், "சரி, நீங்கள் இவ்வளவு சொல்லுறியள்" என்று கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட இருக்கலாம். கேட்கிறவருக்கும் இது தெரியும். உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இதுவும் ஒரு இலக்கணம் என்று இங்கே வந்துதான் கண்டேன். "அப்ப சரி" என்று தோஞ்ஞா பீனோ கறியோடு கீழே போனார். படியில் அவருடைய செருப்புச் சத்தம் குறைந்துகொண்டே போனதை நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு தரம் பட்டவன் திருந்தியிருக்க வேண்டாமா? திருந்தவில்லை. இரண்டாம் முறை கேட்காத வீட்டில் கையை நனைக்கிறதோ என்று எனக்கு ரோசம். அவர் வீட்டு வாசலில் நிற்கும்போதெல்லாம் "கோப்பி குடிக்கிறியளோ?" என்று கேட்பார், "இல்லை" என்பேன். பதினாறு வருடமாக அந்த வீட்டில் ஒரு சொட்டுக் கோப்பி நான் குடித்ததில்லை.

இதில் பரம்பரைத் தேர்ச்சியும் உண்டு. பரமேஸ்வரியைக் கேட்டு என் தகப்பனார் போனபோது, மாமனார் "எங்களுக்கு இப்ப அப்பிடி ஒரு உத்தேசம் இல்லை" என்று மூன்று தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொல்லி முடித்த கையோடு வெற்றிலைத் தட்டைத் தூக்கினார். அடியில் பரமேஸ்வரியின் சாதகம் மஞ்சள் பூசித் தயாராக இருந்தது.

6

தோஞ்ஞா பீனோவின் ஒரே மகன் ஹுவான். நான் வந்தபோது எட்டு வயது. இப்போது வாவா ஓட்டுகிறான். அவனுக்கும் வசந்திக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று எனக்கு நாலு வருடமாகத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

அவனோடு பேசுவதில் எனக்கு ஒரு சிக்கல். ஸ்பானிஷில் 'நீ' இருக்கிறது, 'நீங்கள்' இருக்கிறது. நடுவில் 'நீர்' இல்லை. வீட்டுக்கு வரப்போகிறவனோ வரக்கூடாதவனோ என்று தீர்மானிக்காத ஒரு பொடியனுக்கு 'நீர்' தவிர வேறு எது பொருந்தும்? 'நீ' என்றால் சொந்தமாகிவிடுவான், 'நீங்கள்' என்றால் பெரிய மனிதனாகிவிடுவான். ஆகவே வினைச்சொல்லே இல்லாமல் பெயர்ச்சொற்களில் பேசினேன். "மழை." "குடை." "இன்றைக்கு லீவு?" நாலு வருடம் இப்படி ஓடியது. நான் மொழி தெரியாத மனிதன் என்று அவன் பாவப்பட்டிருக்கக்கூடும்.

ஒன்பது நாளுக்கு முன்பு, தோஞ்ஞா பீனோ கறுப்புச் சட்டை போட்டு, கையில் கேக்கோடு, முழங்காலைப் பிடித்துப் பிடித்துப் படியேறி வந்தார். பின்னால் ஹுவான், ரை கட்டிக்கொண்டு.

"தோன் நாரந்தனை, பிள்ளையள் ரெண்டும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புதுகள். மகனுக்கு பார்சலோனாவிலை வேலை சரிவந்திருக்கு, மாச முடிவிலை போகவேணும். உங்கடை மகளின்ரை கையைக் கேட்டு வந்திருக்கிறன். நீங்கள் ஓம் எண்டால், அவன் அந்த வேலையை விட்டிட்டு இஞ்சையே இருப்பான்."

கையைப் பெண்பாலில் சரியாகச் சொல்கிறாரே என்று கவனித்தேன். அந்த நேரத்தில் நான் கவனித்தது அதுதான். பிறகு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, மாமனார் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"இல்லை, தோஞ்ஞா பீனோ. நாங்கள் அதுக்குத் தகுதி இல்லை. எங்களுக்கு இப்ப அப்பிடி ஒரு உத்தேசம் இல்லை."

சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்து காத்திருந்தேன். நாரந்தனையில் இதைவிட நல்ல பதில் கிடையாது. கேட்க வந்தவர்கள் இதற்குப் பிறகுதான் சால்வையைத் தளர்த்திக்கொண்டு வசதியாக உட்காருவார்கள். தோஞ்ஞா பீனோ எழுந்தார். "விளங்குது" என்றார். கேக்கை மேசையிலேயே விட்டுவிட்டு, மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். குசினி வாசலில் வசந்தி நின்றாள்.

பின்னேரம் தாயிடம் மட்டும், தமிழில் சொன்னாள். "மாச முடிவிலை நானும் போறன்." எங்கள் வீடுகளில் கடைக்குப் போகிறவர்கள்கூட 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

7

நான் பரமேஸ்வரிக்கு விளக்கம் சொன்னேன். அவர்கள் இரண்டாம் தரம் கேட்கவில்லை, அது அவர்களுடைய பிழை. முறை தெரியாத சனம்.

"இஞ்சேருங்கோ," என்றாள் பரமேஸ்வரி, "நீங்கள் சொன்ன இல்லை உபசாரத்துக்கோ, மனசுக்குள்ளை கிடந்ததோ?"

"இதென்ன கேள்வி? உபசாரத்துக்குத்தான்."

"பொய் சொல்லாதையுங்கோ. அவை மூண்டாம் தரமும் கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பியளோ?"

கடைக் கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன். பஸ் ஓட்டுகிறவன், வேற்று இனம், வேற்றுச் சமயம். நாரந்தனையில் என்ன சொல்வார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. 'போக்குவரத்துப் பகுதியில் உத்தியோகம்' என்று கடிதத்தில் எழுதலாம் என்றுகூட ஒரு வருடத்துக்கு முன்பே வசனம் யோசித்து வைத்திருந்தேன். ஒரு கையால் அந்த வசனத்தை வைத்துக்கொண்டு மறுகையால் கதவைச் சாத்தினேன். நான் சொன்ன 'இல்லை' எந்த 'இல்லை' என்று எனக்கே தெரியவில்லை. கேட்கிறவர்கள் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டது என்னுடைய கெட்டித்தனம். கொழும்புக் கந்தோரிலும் இதைத்தான் செய்தேன். அங்கே உத்தியோகம் போனது. இங்கே என் பிள்ளை போகப்போகிறாள்.

"உங்கடை ரோசத்தைக் கட்டிக்கொண்டு இருங்கோ," என்றாள் பரமேஸ்வரி. "என்னாலை பிள்ளையை விட்டிட்டு இருக்க ஏலாது."

8

இதுவரை எழுதியது நேற்று. இன்று காலை வசந்தி வீட்டில் இல்லை. அலுமாரிக்கு மேலிருந்து மட்ரிட் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டி, ஒரு வசனம் தயாரித்தேன். ஆசைக்குரிய வினை, இறந்தகால வேஷத்தில்; இதைவிட மரியாதையான ஸ்பானிஷ் கிடையாது. நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

தோஞ்ஞா பீனோ திறந்தார். இருக்கச் சொன்னார். வசனத்தை ஒரு பிழையில்லாமல் சொன்னேன்: என் மகளை உங்கள் மகன் ஏற்றுக்கொள்வதை நான் விரும்பக்கூடுமாயிருந்தது.

"இல்லை," என்றார்.

ஒரு நிமிடம் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. மறுபடி கேட்டேன், இந்தத் தரம் வினை இரண்டு இடத்தில் உடைந்தது.

"இல்லை, தோன் நாரந்தனை. நாங்கள் அதுக்குத் தகுதி இல்லை. எங்களுக்கு இப்ப அப்பிடி ஒரு உத்தேசம் இல்லை."

என்னுடைய சொற்கள். கோபத்தில் திருப்பித் தருகிறாரா, நிசமாகவே முடிவெடுத்துவிட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இந்த மனுஷியை இதே இடத்தில் வைத்துவிட்டு நான் கதிரையில் சாய்ந்து இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன்; போனால் பார்சலோனா. மூன்றாம் தரம் கேட்க வாயெடுத்தபோது இலக்கணம் முழுக்கக் கைவிட்டுவிட்டது. ஹுவானோடு பேசுகிற மாதிரிப் பெயர்ச்சொற்கள்தான் வந்தன.

"என் மகள். உங்கள் வீடு. தயவு."

தோஞ்ஞா பீனோ முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"நான் மூண்டு தரம் கேட்டிருக்கவேணுமாம், வசந்தி இப்பதான் சொன்னவ. ஆனா இந்த முழங்காலோடை உங்கடை படியை மூண்டு தரம் ஏற எனக்கு ஏலாது. அதுதான், நீங்கள் இறங்கி வந்து கேளுங்கோவன் எண்டு இருந்தனான்." குசினிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, பதினாறு வருடமாகக் கேட்கிறதைக் கேட்டார். "கோப்பி குடிக்கிறியளோ?"

'இல்லை' தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது.

குசினிக்குள்ளிருந்து வசந்தி வந்தாள். கோப்பை அவள் கையில் இருந்தது.

"சீனி போட்டிருக்கு அப்பா. குடியுங்கோ."

அவளும் தமிழில்தான் சொன்னாள். கோப்பி ஆறிப்போயிருந்தது. நான் கதவைத் தட்டினபோதே ஊற்றியிருக்கிறாள்.